கிட்டங்கியும் கடுதாசியும்

வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வானத்தை நம்பி வாழ்ந்த செம்மண் ஊர்களும், அந்தக் கரையில் ரங்கூன், மோல்மேன், பஸ்ஸீன் என்று நெல் மலையாகக் குவிந்த துறைமுகங்களுமாக இருந்த ஒரு காலத்தில், இவ்விரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ரூபாய் போவதும் வருவதுமாக இருந்தது. அதை நடத்தியவர்களுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது, நிர்வாக சபை கிடையாது, அச்சிட்ட விதிப்புத்தகம் எதுவும் கிடையாது. பர்மாவின் வங்கித்தொழிலை விசாரிப்பதற்காக நியமிக்கப்பட்டு, எஸ். ஜி. கிராந்தம் என்பவரின் தலைமையில் 1929-30இல் வேலை செய்த மாகாணக் கமிட்டி, அந்த நாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அத்தனையும் தனித்தனிக் குடும்பங்களின் தனித்தனிக் கடைகள். ஒன்றின் லாப நஷ்டம் இன்னொன்றைச் சேராது. ஆயினும் அவை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், ஒரே ஸ்தாபனத்தின் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிளைகள் என்றே எவரும் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் காலத்துக் கம்பெனிகளில் எந்தக் காரியம் கெட்டுப்போனாலும், மேலே இருப்பவர்கள் சொன்னது கீழே போய்ச் சேரவில்லை, கீழே நடந்தது மேலே தெரியவில்லை என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பரிகாரமாக இன்னும் ஒரு கூட்டத்தையும் இன்னும் ஒரு சுற்றறிக்கையையும் ஏற்பாடு செய்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. பேச்சு குறைந்ததால் கெட்டது, ஆகவே பேச்சைக் கூட்டினால் சரியாகும் என்பது இதன் தர்க்கம். எனக்கு இதில் நீண்ட நாளாகவே சந்தேகம் உண்டு. செய்தி போய்ச் சேருவதற்கு வாரக்கணக்கான காலம் பிடித்த ஒரு உலகத்தில், ஒருவரையொருவர் இத்தனை நன்றாகப் புரிந்துகொண்டு இத்தனை பெரிய வியாபாரம் நடத்தியவர்களை நினைக்கும்போது அந்தச் சந்தேகம் வலுக்கிறது. அவர்களை உத்தமர்களாகக் காட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. அவர்களிடம் பணம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள், அதற்கும் வருவேன்.

முதலாளி ஊரில் இருப்பார். கடை கடல் கடந்து இருக்கும். அதை நடத்தப் போகிற ஏஜெண்டு ஒரு சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்கு, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் வைத்துவிட்டுக் கப்பலேறுவார். போகும்போது முதலாளியின் சார்பாகக் கொடுக்கவும் வாங்கவும் கோர்ட்டுக்குப் போகவும் உரிமை தருகிற முக்தியார் பத்திரம் அவர் கையில் இருக்கும். கடையில் அவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். அந்தப் பையன் பெரும்பாலும் மீசை முளைக்காத வயதில் வந்தவனாக இருப்பான். முந்திரி, காணி, மா, மாகாணி என்று எண்சுவடியின் பின்னங்களை உருப்போட்டு, முன்னூற்றிருபதில் ஒரு பங்குவரை வட்டியை மனத்திலேயே போட்டுச் சொல்லத் தெரிந்துகொண்டு வந்திருப்பான். அவனுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலாள் ஒருவனுக்குக் கடன் கொடுப்பதையும் இன்னொருவனுக்கு இல்லையென்று சொல்லி அனுப்புவதையும் காது கொடுத்துக் கேட்டு, ஏன் அவனுக்குக் கொடுத்தார் இவனுக்கு மறுத்தார் என்பதைத் தானே யோசித்துத் தேறிக்கொள்ள வேண்டியது. பத்து வருஷம் கழித்து அவனே மேலாளாகக் கப்பலேறும்போது, முதலாளியின் மனம் எந்தச் சந்தர்ப்பத்தில் எப்படிப் போகும் என்பது, அவர் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும். இன்று ஒரு நிர்வாகி தம் சகாக்களுக்கு எழுதுகிற நூறு குறிப்புகளில் தொண்ணூறு, இப்படித் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமற் போனதற்கான ஈடுதான்.

கடுதாசிக்கு வருவோம். தபால் கப்பல் புறப்படும் நாளையொட்டி மேலாள் எழுதுகிற கடுதாசி, பிள்ளையார் சுழியும் முருகன் துணையுமாகத் தொடங்கி, இவ்விடத்து க்ஷேமத்தைச் சொல்லி அவ்விடத்து க்ஷேமத்தை விசாரித்து, அப்புறம் காரியத்துக்கு வரும். நெல் என்ன விலை, நடப்பு வட்டி என்ன, எந்த ஊர்க் கடனாளியின் தவணை தப்பிப்போயிற்று, எந்த விலாசத்தாரின் உண்டியைப் பற்றிச் சந்தையில் முணுமுணுப்பு எழுந்திருக்கிறது, பக்கத்துப் பெட்டிக்காரர் எந்த வட்டாரத்தில் புதிதாகப் பணம் இறக்குகிறார் என்பதெல்லாம் வரிசையாக வரும். அத்தோடு நின்றுவிடாது. தம்பிக்குப் பெண் பார்த்தது என்னவாயிற்று, வடக்கு வளவில் ஓடு மாற்றியாயிற்றா, அப்பச்சிக்கு இருமல் எப்படி இருக்கிறது, கோயில் திருப்பணிக்கு நம் பங்கு எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதும் அதே தாளில், அதே மையில், அதே எழுத்தில் வரும். வியாபாரம் எங்கே முடிந்து குடும்பம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. கணக்கின் நிலவரத்துக்கு ஐந்தொகை தனியே போகும். அதில் எல்லாம் எண். எண்ணுக்குள் அடங்காத எல்லாவற்றையும் கடுதாசி சுமந்தது.

ஊரில் அதை வாசிக்கிறவர், முகப்புக்கு உள்ளே பட்டாலையில் சாய்ந்துகொண்டு, ஐந்தொகையை ஒரு கையிலும் கடுதாசியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வாசிப்பார். கடனாளி ஒருவனைப் பற்றி மேலாள் எழுதியிருப்பது வழக்கத்துக்கு மாறாக நீண்டிருந்தால், அங்கே ஏதோ இடறுகிறது என்று அவருக்குப் பட்டுவிடும். வழக்கமாக விசாரிக்கிற ஒருவரை இந்தத் தடவை விசாரிக்காமல் விட்டிருந்தால், அதையும் கவனித்துக்கொள்வார். எழுதினவனின் சுபாவம், அவன் தகப்பனின் சுபாவம், அவன் எந்த நேரத்தில் பயப்படுவான் எந்த நேரத்தில் துணிவான் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் வாசிக்கிற கடுதாசிக்கும், முன்பின் அறியாத ஒருவர் வாசிக்கிற கடுதாசிக்கும் எழுத்து ஒன்றாக இருக்கலாம். அவை சொல்லுகிற விஷயம் ஒன்றாக இராது.

ரங்கூனிலிருந்து புறப்பட்ட கப்பல் சென்னைக்கு வந்து, தபால் ரயிலேறி, செட்டிநாட்டுக்குப் போய், பதில் எழுதப்பட்டு, அது திரும்பி வந்து சேர்வதற்குள் நிலைமை பெரும்பாலும் மாறியிருக்கும். தந்தி இருந்தது, ஆனால் தந்தியில் சொல்லுக்குக் காசு, ஆகவே அவசரத்துக்கு மட்டுமே. இதன் பலனாக, ஒரு கடனைக் கொடுப்பதா வேண்டாமா, ஒரு நிலத்தின்மேல் எவ்வளவு தரலாம், எந்தக் கடனாளியை நெருக்கலாம் எவனை இன்னொரு போகம் விட்டுப் பிடிக்கலாம் என்பதையெல்லாம் மேலாளே தீர்மானித்தாக வேண்டும். ஊரிலிருந்து வருகிற பதில், நடந்து முடிந்த காரியத்தின்மேல் ஒரு பெரியவரின் அபிப்பிராயமாகத்தான் வந்து சேரும். அதை அடுத்த காரியத்துக்கு அவர் மனத்தில் வைத்துக்கொள்வார். தாமதம் அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்தது. செய்தி நொடியில் போய்வரும்படி ஆனபின், தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கிற மேலாளரிடமிருந்து முதலில் பறிபோனது இந்த அதிகாரம்தான். அவர் இன்று எதை வேண்டுமானாலும் உடனே தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம். கேட்க முடிகிறது என்பதனாலேயே கேட்டாக வேண்டியிருக்கிறது. கேட்காமல் செய்தால் குற்றம், கேட்டுச் செய்து கெட்டால் குற்றமில்லை. தொடர்பு பெருகப் பெருக நம்பிக்கை பெருகும் என்று எண்ணுகிறவர்கள், வேகமான தொடர்பு எத்தனை இடத்தில் நம்பிக்கையின் ஸ்தானத்தில் கண்காணிப்பைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

கடுதாசி கடலைக் கடந்த பேச்சென்றால், கடலுக்கு அப்பால் நடந்த பேச்சுக்கு இடம் கிட்டங்கி. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில், பினாங்கில் பினாங்குத் தெருவில், ரங்கூனில் முகல் தெருவில், நீளமான ஒரே கூடமாகக் கிடந்த கட்டடம் அது. சுவரோரமாக இரண்டு வரிசையில் கைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் பாயின்மேல் ஒரு மேலாள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனிக் கடை. நடுவில் தடுப்பு கிடையாது. பகலில் அதுவே கடை, இரவில் பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தால் அதுவே படுக்கை. போட்டிக் கடைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒருவர் கடனாளி வந்து பேசுவது மற்றவர் காதில் விழ வியாபாரம் செய்தார்கள். ஒரு பெட்டியில் ஏமாற்றிவிட்டுப் போனவன் பக்கத்துப் பெட்டியில் போய் உட்கார முடியாது. புதிதாக வந்த பையன் தன் மேலாளிடம் கற்றுக்கொள்ளாததை எதிர்ப்பெட்டி மேலாளிடம் கற்றுக்கொள்வான். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொடுக்கிறவர், நேற்று வட்டியில் அரைக்கால் குறைத்து இவருடைய கடனாளியை இழுத்துக்கொண்டவராக இருப்பார். சுவரை இடித்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தால் கூட்டு மனப்பான்மை வளரும் என்று இன்று பணம் செலவழித்துக் கட்டடம் கட்டுகிறார்கள். அந்தக் கூடங்களில் எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றாகச் சாப்பிட்டுப் படுத்து நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு வாய்த்தது, ஒன்றாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாய்க்கவில்லையென்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

போன இடமெல்லாம் அவர்கள் கடையோடு கோயிலையும் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. கோயில் சாமி கும்பிடும் இடம். அத்தோடு அதுவே சபை, அதுவே பஞ்சாயத்து. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கடைக்காரர்கள் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். சந்தையில் பணம் இறுக்கமா தளர்வா, நெல் அறுவடை எப்படி, ஐரோப்பிய பாங்கிகள் என்ன கேட்கின்றன என்பதையெல்லாம் பெரிய கடைக்காரர்கள் சொல்ல, மற்றவர்கள் கேட்டு ஒப்புக்கொள்ள, அந்த இரவு முடிவான வட்டி மறுநாளிலிருந்து எல்லாப் பேரேடுகளிலும் ஏறியது. (போட்டியாளர்கள் கூடி உட்கார்ந்து விலை பேசுவதற்கு இன்றைய சட்டம் வேறு பெயர் வைத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.) சிறிய கடைகள் அடத்திக் கடைகளோடு கணக்கு வைத்துக்கொண்டன, அந்தப் பெரிய கடைகளின் பெயரைச் சொன்னால் எந்தத் துறைமுகத்திலும் காகிதம் பணமாகும். பார்த்த மாத்திரத்தில் பணம் கொடுத்தாக வேண்டிய தர்சன உண்டி ஒன்று, ரங்கூனில் எழுதப்பட்டுச் செட்டிநாட்டில் காசாக மாறுவதற்கு, எழுதினவரின் விலாசமாகிய கடைப் பெயரைத் தவிர வேறு எந்தச் சாட்சியமும் தேவைப்படவில்லை.

விலாசத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதை வியாபாரத்துக்கு உள்ளே தேடினால் கிடைக்காது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவர் என்பதைக் கொண்டு ஒவ்வொரு நகரத்தாருக்கும் சமூகத்தில் ஓர் இடம். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் மற்றக் கோயில்காரர்களோடு. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில். வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கித் தெய்வத்தின் பேரில் வரவு வைத்தார்கள். அந்தப் பணமும் சும்மா கிடக்காமல் வட்டிக்கு ஓடித் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் அன்னதானத்துக்கும் போயிற்று. தெய்வமே பேரேட்டில் கணக்குள்ள ஒருவராக இருக்கிற கடையில், கணக்கைத் திரித்து எழுதுவதற்கு மனிதனுக்குக் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யும். அதைவிடப் பெரிய பயம் பூலோகத்தில் இருந்தது. மோல்மேனில் ஒரு மேலாள் முதலாளியின் பணத்தில் கைவைத்தால், அந்தச் செய்தி அடுத்த கப்பலிலேயே ஊருக்கு வந்துவிடும். அவருக்கு இனி யாரும் சம்பளச் சீட்டு எழுதமாட்டார்கள் என்பதோடு, வீட்டில் வளர்ந்து நிற்கும் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். கோர்ட்டும் போலீஸும் செய்ய முடியாததை இது செய்தது. வியாபாரத்துக்காக இந்தச் சமூகம் உண்டாகவில்லை. உண்டாகி நிலைத்திருந்த சமூகத்துக்குள் வியாபாரம் குடியேறிக்கொண்டது. நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வருஷ விழாவில் பேசிவிட்டு அடுத்த மாதம் ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டுகிற முதலாளிகள், இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காரியம் பார்க்கப் புறப்பட்டவர்கள்.

ஆனால் இந்தச் சமூகத்தின் கதகதப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது யோக்கியமாகாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கிற இடத்தில் மூச்சுவிடவும் இடமிருப்பதில்லை. கிட்டங்கியில் ஒருவன் ராத்திரி தாமதமாக வந்தால் அது கப்பலேறிப் போய் அவன் மாமனார் வீட்டுப் பட்டாலையில் பேச்சாகும். ஒருமுறை இடறினவனுக்கு மறுபடி எழுந்திருக்கச் சந்தர்ப்பம் தருகிற ஏற்பாடு எங்கும் இல்லை. ப. சிங்காரம் 1938இல் பதினெட்டு வயதில் சுமத்திராவின் மெடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய புயலிலே ஒரு தோணி என்ற நாவலில் அந்தச் செட்டித் தெருவும், அங்கே வயதை விற்றுப் பணம் சேர்த்தவர்களும், ஊரை நினைத்து ஊருக்கும் ஆகாமல் போனவர்களும் வருகிறார்கள். அதை வாசிக்கிறவர்களுக்குக் கிட்டங்கியின் இன்னொரு முகம் தெரியும். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேக்கு மரமும் இத்தாலியப் பளிங்கும் வைத்துக் கட்டிய வீட்டில் ஆச்சி தனியாக இருந்து, அடுப்பையும் பிள்ளைகளையும் மாமியாரையும் சம்பந்திகளையும் பார்த்துக்கொண்டு, வீட்டைக் கட்டியவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாள். கடுதாசியில் அவளுக்கென்று வந்த விசாரிப்பு எல்லோரும் கேட்க வாசிக்கப்பட்ட ஒன்று. அதில் அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை எழுதினவன் எங்கே வைப்பான்?

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடுதாசியும் கிட்டங்கியும் கோயிலும் சேர்ந்து, நகரத்தார் ஒருவரையொருவர் பேசிப் புரிந்துகொள்ளும் வலையை எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தனவோ, அவ்வளவுக்கு அந்த வலைக்கு வெளியே இருந்தவன் பர்மியக் குடியானவன். ஐராவதியின் முகத்துவாரத்தில் சதுப்புக்காட்டை வெட்டி வயலாக்கியவன் அவன். அவனுடைய வெட்டுக்கூலியும் விதைநெல்லும் உழவுமாடும் இவர்கள் கொடுத்த கடனில் வந்தவை. இரண்டு பேருக்கும் லாபமாக ஒரு தலைமுறைக்கு மேல் நடந்தது. பர்மியப் பாஷையைச் சரளமாகப் பேசிய மேலாட்கள் பலர். தவணையைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் அந்தப் பாஷையில் எதையும் பேச அவர்களால் முடிந்தது. ஆனால் அவன் பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை, கோயில்காரன் இல்லை. அவனுடைய பகோடாவின் திருவிழாவில் இவர்கள் கலந்துகொண்டால் அது மரியாதைக்காக. கடுதாசியில் அவன் வந்தான், கடனாளியாகவே வந்தான்.

பர்மாவில் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தராக இருந்து, பிறகு அந்தச் சமூகத்தைப் பற்றி ஆழமாக எழுதிய ஜே. எஸ். பர்னிவால், அந்தக் குடியேற்ற நாட்டில் பல இனத்தார் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தும் சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொண்டார்கள், ஒருவரோடொருவர் கூடிய ஒரு பொது வாழ்வு அவர்களுக்கு இல்லை என்ற கருத்தை 1948இல் வெளிவந்த தம் நூலில் விரித்துச் சொன்னார். சந்தை சரியாக இருக்கிறவரையில் அந்தக் குறை தெரியாது. 1930இல் உலக மந்தத்தோடு நெல் விலை விழுந்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை. விவசாயம் செய்யும் உத்தேசமோ அதற்கான ஆளோ இல்லாத நகரத்தாரின் கையில், பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து விழத் தொடங்கியது. பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. தாங்கள் நிலத்தைப் பிடுங்கவில்லை, நிலம் தங்கள் தலையில் விழுந்தது என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மையை அவர்கள் யாரிடம் சொல்ல முடியும்? அதைக் கேட்கக்கூடிய காதுகள் எல்லாம் அவர்களுடைய கிட்டங்கிக்குள்ளேயே இருந்தன. எண்பது வருஷமாகத் தங்களுக்குள் இவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டவர்களுக்கு, தாங்கள் வாழ்ந்த நாட்டோடு பேசுவதற்கென்று ஒரு கடுதாசியும் ஒரு கோயிலும் இல்லாமற் போயிற்று. நிலத்தை இழந்தவனுக்குக் கமிட்டிகளின் அறிக்கை எட்டாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், வரப்பில் நின்று வேறு யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்பதுதான்.

ஒரு ஸ்தாபனத்துக்குள் நல்ல உறவும் தடையில்லாத பேச்சும் இருந்தால் அது தானாகவே வெளியிலிருப்பவர்களிடமும் நல்லபடி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நகரத்தாரின் அனுபவம் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. உள்ளே பந்தம் இறுக இறுக, வெளியிலிருந்து வரவேண்டிய செய்திக்கு வாசல் குறுகிப்போகிறது. உள்ளே எல்லோரும் ஒரே அபிப்பிராயத்தோடு இருப்பதால், அந்த அபிப்பிராயம் பொய்யாகும்போது அதைச் சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை. 1920களில் பர்மாவில் பணம் போட்டவர்களில் நெல் விலை விழும் என்று நினைத்தவர்கள் இல்லாமலிருந்திருக்கமாட்டார்கள். ஆனால் மாதந்தோறும் கோயிலில் கூடி ஒப்புக்கொண்டு எழுகிற சபையில், ஒப்புக்கொள்ளாமல் எழுந்துபோவது சுலபமான காரியமா?

அந்தச் சமூகம் இதைச் சற்றும் உணரவில்லை என்று சொல்லிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், கடுதாசியால் மட்டும் ஆகாத பேச்சை அச்சில் பேசிப் பார்க்கும் ஆசை அவர்களிடம் எழுந்தது. காரைக்குடியிலிருந்து ஊழியன், குமரன் முதலிய பத்திரிகைகள் வந்தன. ரங்கூனிலிருந்து தன வணிகன் வந்தது. அதன் ஆசிரியராக இருந்த இளைஞர்தான், பின்னால் உலகம் சுற்றிக் காந்தியைப் பற்றிப் படம் எடுத்து, குமரி மலர் நடத்திய ஏ. கே. செட்டியார். கல்யாணச் செலவைக் குறைப்பது, பெண்களைப் படிக்கவைப்பது, கோயில் கணக்கைப் பகிரங்கமாக்குவது முதலிய விஷயங்கள் பத்திரிகையில் வந்தால், இன்னார் மகன் இன்னாருக்கு எழுதினது என்று இல்லாமல் எவரும் எவருக்கும் பதில் சொல்லலாம் என்றாகிவிடும். பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. கடுதாசியில் கோபித்துக்கொண்டால் அடுத்த கடுதாசியில் சமாதானம் செய்துகொள்ளலாம். அச்சில் வந்துவிட்டால் ஊர் முழுவதும் சமாதானம் செய்ய வேண்டும்.

அதே சமூகத்தைச் சேர்ந்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937ஆம் வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி, இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். இதில் நான் காண்பது புதிய பாங்கி ஒன்று வந்ததைக் காட்டிலும் பெரிது. பழைய வழியைச் சேர்ந்த மூன்று ஊர்களையே அவர் எடுத்துக்கொண்டார்; ஆனால் அவற்றை இணைத்தது பங்காளிக் கடுதாசி அல்ல, எண் போட்ட அலுவலகக் கடிதம். பங்குதாரர் யாராகவும் இருக்கலாம். சிப்பந்தி ஒருவரைக் காரைக்குடியிலிருந்து மாற்றுவதற்கு அவர் எந்தக் கோயில் என்று விசாரிக்க வேண்டியதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் தகப்பன் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. பழைய கடுதாசியில் இருந்த ஈரம் அந்தக் கடிதத்தில் இல்லை. அதை வாசித்து ஒருவருடைய இருமல் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க எவராலும் முடியாது. ஆயினும் அந்தக் கிளையின் வாசலில் பர்மியன் ஒருவன் கடனாளியாக அல்லாமல் கணக்குக்காரனாக வந்து நிற்கலாம், அவனுக்கும் அதே அச்சிட்ட படிவத்தைத்தான் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் அப்படி வந்திருப்பார்கள், வந்தவர்கள் அந்தப் படிவத்தை நம்பியிருப்பார்களா என்று பார்ப்பதற்குச் சரித்திரம் போதுமான அவகாசம் கொடுக்கவில்லை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, அந்தக் கிளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்கவில்லை.